பின்னணி தொந்தரவாக இருக்கிறது

மாதம் பிறந்தால் ஒரு தலைப்பு வரும். ‘பிரதிபலிப்பு’, ‘நிழல்’, ‘சிவப்பு’, ‘கதவுகள்’, ‘முதுமை’, ‘அசைவு’. அந்த மாதத்துக்குள் அந்தத் தலைப்புக்கு ஒரு படம் எடுத்து அனுப்ப வேண்டும். பழைய படத்தைத் தூசி தட்டி அனுப்பக் கூடாது. மாதக் கடைசியில் எல்லாப் படங்களையும் திரையில் ஓடவிட்டு நடுவர் மதிப்பெண் போடுவார். வருடக் கடைசியில் மதிப்பெண்களைக் கூட்டி, அதிகம் எடுத்தவருக்கு ஒரு கோப்பை. சிங்கப்பூர் சமூக மன்றத்துப் புகைப்படக் குழுவாக இருந்தாலும் சரி, இங்கிலாந்தில் நூறு வயது தாண்டிய கழகமாக இருந்தாலும் சரி, அமெச்சூர் புகைப்படக்காரர்களின் மாதம் ஏறக்குறைய இப்படித்தான் ஓடுகிறது.

இதைப் பற்றி இலக்கிய இதழில் எழுத என்ன இருக்கு என்று கேட்கலாம். நிறையவே இருக்கு. இந்த விளையாட்டு நமக்குப் புதுசு இல்லை. ஈற்றடி கொடுத்து வெண்பா எழுதச் சொல்வது பழைய பழக்கம். சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர் கழகத்தின் கதைக்களத்தில் தொடக்க வரியைக் கொடுத்துச் சிறுகதை கேட்கிறார்கள். கவிமாலையில் தலைப்பு கொடுத்துக் கவிதை கேட்கிறார்கள். 1950இல் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘தமிழ் நேசன்’ நாளிதழில் கதை வகுப்பு நடத்தினார்கள். மலாயாத் தமிழ்ச் சிறுகதையின் வரலாற்றை எழுதுகிற யாரும் அதைத் தாண்டிப் போக முடியாது. எழுபதுகளில் அதே நாளிதழ் சிறுகதைக்குப் பவுன் பரிசு கொடுத்தது. தலைப்பு, கெடு, நடுவர், பரிசு என்ற நான்கு கால்களில்தான் இந்த வட்டாரத்துத் தமிழ் எழுத்தும் பெரும்பாலும் நடந்து வந்திருக்கிறது.

நானும் கேமரா வைத்திருக்கிறேன். மாதச் சவால்களில் கலந்துகொள்கிறேன். மற்றவர்கள் அனுப்பும் படங்களையும் விடாமல் பார்க்கிறேன். பார்த்ததை வைத்து நான் சொல்ல வருவது இதுதான்: தலைப்பு நல்லது. மதிப்பெண்ணில் சிக்கல் இருக்கிறது. அதைவிடப் பெரிய சிக்கல், மதிப்பெண்ணுக்காகப் படத்திலிருந்து எதை வெட்டி எறிகிறோம் என்பது.

தலைப்பு என்ன செய்கிறது?

‘கலைஞனுக்குத் தலைப்பு எதற்கு, உள்ளிருந்து வரணும்ல’ என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களுடைய கேமரா பெரும்பாலும் அலமாரியில் தூங்கிக்கொண்டிருக்கும். வாரத்தில் ஐந்தரை நாள் வேலை பார்த்துவிட்டு, எம்ஆர்டியில் நின்றுகொண்டே வீட்டுக்கு வரும் ஒருவருக்கு உள்ளிருந்து வருவது பெரும்பாலும் கொட்டாவிதான். அமெச்சூர் என்ற சொல்லுக்கு வேரில் ‘நேசிப்பவர்’ என்று பொருள். நேசத்துக்கும் ஒரு சாக்கு வேண்டியிருக்கிறது. மாதத் தலைப்பு அந்தச் சாக்கு.

‘கதவுகள்’ என்ற தலைப்பை எடுத்துக்கொள்வோம். அடுக்குமாடி வீட்டு நடைவழியில் வருஷக்கணக்காக நடக்கிறோம். கதவு நமக்குத் திறக்கவும் மூடவும் உள்ள பொருள், அவ்வளவுதான். தலைப்பு வந்த பிறகு அதே நடைவழியில் நடந்தால் ஒரு வீட்டு இரும்பு கேட்டில் காய்ந்துபோன மாவிலைத் தோரணம் தெரிகிறது. பக்கத்து வீட்டில் சிவப்புத் தாளில் பொன்னெழுத்து. சீனப் புத்தாண்டு முடிந்து ஐந்து மாதம் ஆகியும் எடுக்கவில்லை. அதற்கடுத்த வீட்டு வாசலில் ஏழு ஜோடி செருப்பு, ஒரே அளவில், எல்லாம் ஆண்கள் செருப்பு. அந்த வீட்டில் யார் வாடகைக்கு இருக்கிறார்கள் என்று ஊகிக்க முடிகிறது. இதெல்லாம் நேற்றும் அங்கேதான் இருந்தது. கண்ணுக்கு வேலை கொடுத்தபிறகுதான் கண் பார்க்க ஆரம்பித்தது. ஈற்றடியும் இதைத்தான் செய்கிறது. போய்ச் சேர வேண்டிய இடம் முன்கூட்டியே தெரிந்துவிட்டதால், அங்கே போகும் வழியை நாமே போட வேண்டியிருக்கிறது.

போட்டி என்றாலே முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு தகவல். நவீன புகைப்படக் கலையைப் பற்றிப் பேசும் யாரும் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் பெயரைச் சொல்லாமல் இருக்க மாட்டார்கள். அவர் வெளிச்சத்துக்கு வந்தது ஒரு போட்டி வழியாகத்தான். 1887இல் லண்டனிலிருந்து வந்த ‘அமெச்சூர் போட்டோகிராஃபர்’ இதழ் விடுமுறைப் படங்களுக்கு ஒரு போட்டி வைத்தது. நடுவர் பீட்டர் ஹென்றி எமர்சன். முதல் பரிசு ஸ்டீக்லிட்ஸுக்கு. இத்தாலியில் எடுத்த, சிரிக்கும் பிள்ளைகளின் படம் அது. அப்போது அவருக்கு 23 வயது. அதனால் போட்டி கலைஞர்களை அழித்துவிடும் என்ற பேச்சை நான் நம்பவில்லை. யாரைக் கண்டுபிடிக்கும், யாரைத் தவறவிடும் என்பது நடுவர் எப்படிப் பார்க்கிறார் என்பதைப் பொறுத்தது. இனி அதைப் பார்ப்போம்.

பத்து விநாடித் தீர்ப்பு

மாதச் சவாலில் நாற்பது படம் வந்திருக்கிறது என்று வையுங்கள். கூட்டத்துக்கு இரண்டு மணி நேரம். நடுவில் கோப்பி, கறிபாஃப். ஒரு படம் திரையில் ஒன்றிரண்டு நிமிஷம் நின்றால் அதிகம். மதிப்பெண் முதல் பத்து விநாடியிலேயே நடுவர் மனசில் விழுந்துவிடும். இதில் நடுவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஏற்பாடே அப்படித்தான்.

பத்து விநாடியில் ஜெயிக்கக்கூடிய படம் எது? ஒரே ஒரு ஆள் அல்லது ஒரே ஒரு பொருள். பின்னால் இருட்டு. நிறம் அடர்த்தியாக. முக்கியமானது மூன்றில் ஒரு பங்குக் கோட்டில். கண் எங்கும் அலையாமல் நேராகப் போய் உட்கார வேண்டும். இந்த இலக்கணத்துக்கு உட்பட்ட படத்துக்கு எட்டு, ஒன்பது கிடைக்கும். உட்படாததற்கு ஆறு. கூடவே நடுவர் நல்ல மனசோடு சொல்லும் ஆலோசனைகள்: ‘அடிவானம் கொஞ்சம் சாய்ந்திருக்கு.’ ‘இடது ஓரத்தை வெட்டியிருக்கலாம்.’ ‘பின்னணி தொந்தரவாக இருக்கிறது.’

மூன்றில் ஒரு பங்கு விதியை ஏதோ இயற்கைச் சட்டம் மாதிரி சொல்கிறார்கள். 1797இல் ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கில ஓவியர் நாட்டுப்புறக் காட்சிகளை வரைவது பற்றி எழுதிய நூலில், வெளிச்சமும் இருட்டும், நிலமும் வானமும் என்ன விகிதத்தில் இருந்தால் அழகு என்று யோசித்து அந்தப் பெயரை வைத்தார். புகைப்படமே பிறக்காத காலம் அது. இன்றைக்கு எல்லாக் கைப்பேசித் திரையிலும் அது கோடாக வந்து உட்கார்ந்திருக்கிறது. ஓர் ஓவியரின் ரசனைக் குறிப்பு, இருநூற்றுச் சொச்சம் வருஷத்தில் மதிப்பெண் அட்டவணையாக ஆகிவிட்டது.

ராபர்ட் ஃபிராங்க்கின் ‘தி அமெரிக்கன்ஸ்’ நூலை நினைத்துப் பாருங்கள். 1958இல் பிரான்ஸிலும் 1959இல் அமெரிக்காவிலும் வெளிவந்தது. 83 படங்கள். வந்த புதிதில் அமெரிக்கப் புகைப்பட இதழ்க்காரர்கள் அதைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். கலங்கல், புள்ளி புள்ளியாக இருக்கு, அடிவானம் சாய்ந்திருக்கு என்றெல்லாம் குறை. இன்றைக்கு நம் கழக நடுவர் சொல்லும் அதே குறைகள்! அந்த 83இல் பெரும்பாலானவற்றைத் தனித்தனியாக மாதச் சவாலுக்கு அனுப்பினால் ஆறரைக்கு மேல் வாங்காது என்று நினைக்கிறேன். காரணம், அந்தப் படங்கள் தனியாக நின்று பேசுவதில்லை. ஒன்றை அடுத்து இன்னொன்று வரும்போதுதான் பேசுகின்றன. ஒரு படம், ஒரு தலைப்பு, ஒரு மதிப்பெண் என்ற சட்டத்துக்குள் அப்படிப்பட்ட வேலைக்கு இடமே கிடையாது.

இதற்கு நிகரானது நம்மிடமும் இருக்கிறது. ‘போட்டிக் கதை’ என்று நாம் சொல்லும்போது எல்லோருக்கும் எது என்று புரிகிறது. முதல் பத்தியிலேயே பிரச்சினை, நடுவில் கண்ணீர், கடைசிப் பத்தியில் மகன் மனம் திருந்துவான் அல்லது பாட்டி இறந்துபோவார். தலைப்பு ஒரு தடவையாவது கதைக்குள் வசனமாக வந்துவிடும், நடுவர் தவறவிட்டுவிடக் கூடாதே என்று. கதை தலைப்புக்கு விடையாக ஆகிவிடுகிறது. ‘தனிமை’ என்றதும் காலிப் பெஞ்சில் முதியவர். ‘உழைப்பு’ என்றதும் வியர்வை வழியும் முகம். எழுத்திலும் சரி படத்திலும் சரி, முதலில் நினைவுக்கு வருவதைத்தான் எல்லோரும் அனுப்புகிறோம். மற்றவர்களும் அதையே நினைத்திருப்பார்கள் என்று தெரிந்தே அனுப்புகிறோம்.

கதை வகுப்பை நான் முதலில் குறிப்பிட்டது இதனால்தான். வகுப்பு என்று பெயர் வைத்து, பாடம் சொல்லி, பயிற்சி கொடுத்து, வந்ததைப் படித்துத் தரம் பார்த்தார்கள். தரம் பார்ப்பது அங்கேயும் இருந்தது. ஆனால், கதை என்றால் என்ன என்ற பேச்சு அதற்கு முன்னால் வந்தது. இன்றைய மாதச் சவாலில் பேச்சு சுருங்கி மதிப்பெண் மட்டும் மிஞ்சிவிட்டது. நாற்பது படத்தில் பத்தை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிஷம் கொடுத்தால் என்ன கெட்டுப்போகும்? எடுத்தவர் வாயை மூடிக்கொண்டு உட்காரட்டும். மற்றவர்கள் படத்தில் என்ன இருக்கிறது என்று மட்டும் சொல்லட்டும். நல்லாருக்கு, நல்லால்ல என்பதெல்லாம் அப்புறம்.

வெட்டி எறிந்தது

‘பின்னணி தொந்தரவாக இருக்கிறது’ என்ற அந்த வாக்கியத்துக்கு வருகிறேன். மாதச் சவால்களில் நான் அதிகம் கேட்ட வாக்கியம் அதுதான்.

சிங்கப்பூரில் கேமராக் கழக வாழ்க்கை 1950களில் சூடு பிடித்தது. இன்றைய சிங்கப்பூர்ப் புகைப்படக் கழகத்தின் தொடக்கமும் 1950தான். அந்தத் தலைமுறையின் பெரிய பெயர்களில் ஒருவர் யிப் சியோங் ஃபன். தானாகவே கற்றுக்கொண்டவர். 1957இல் எடுத்த ‘விடியலில் துடுப்பு’ அவருடைய புகழ்பெற்ற படம். கடல் காட்சிகளுக்காக 1980இல் நியூயார்க் புகைப்படக் கழகம் அவரைச் சிறப்பித்தது. 1984இல் கலாசாரப் பதக்கம் பெற்றார். அவர் காலத்தில் கழகக்காரர்கள் பலரும் சிங்கப்பூர் ஆற்றங்கரைக்குப் போனார்கள். பனிமூட்டம், சரக்குத் தோணிகள், பலகை மேல் மூட்டை தூக்கும் கூலிகள். சலோன் என்று சொல்லப்படும் சர்வதேசக் கண்காட்சிகளுக்கு அவை போயின. அந்தக் கண்காட்சிகள் எதிர்பார்த்தது ஒளி, அமைப்பு, மனநிலை.

1977இல் ஆற்றைச் சுத்தப்படுத்தும் திட்டம் தொடங்கியது. பத்து வருஷம் நடந்தது. 1983இல் தோணிகளைப் பாசிர் பாஞ்சாங் பக்கம் அனுப்பிவிட்டார்கள். ஆறு சுத்தமானது, அந்த வாழ்க்கை போய்விட்டது. இன்றைக்கு அந்தப் பழைய படங்களை நாம் எதற்காகப் பார்க்கிறோம்? பனிமூட்டம் இன்னும் அழகுதான். ஆனால் என் கண் ஓரங்களுக்குத்தான் ஓடுகிறது. தோணியில் என்ன சரக்கு? மூட்டை தூக்குகிறவர் காலில் செருப்பு இருக்கிறதா? பின்னால் தெரியும் கடைப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது? அந்தக் காலத்து நடுவருக்குத் தொந்தரவாக இருந்திருக்கக்கூடிய விஷயங்கள்தான் இன்றைக்குப் படத்துக்கு உயிர். எடுத்தவர் ஒழுங்காக வெட்டிச் சுத்தம் செய்த படத்தில் அவை இல்லை. பனியும் நிழலுருவமும் மட்டும் இருக்கின்றன. அது எந்த ஊர் ஆறாகவும் இருக்கலாம்.

இதைத் தேக்காவுக்குக் கொண்டு வாருங்கள். ‘கைவினை’ என்று ஒரு தலைப்பு வந்தால் பாதிப் பேர் பூக்கடைக்குத்தான் போவார்கள். மதிப்பெண் வாங்கும் படம் எப்படி இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லலாம்: கருப்புப் பின்னணி, இரண்டு கை, மஞ்சள் சாமந்தி. நல்ல படம்தான். ஆனால் அந்தக் கைகளுக்கு மேலே ஒரு கோயில் நாட்காட்டி தொங்குகிறது. பக்கத்தில் பணம் அனுப்பும் கியூஆர் அட்டை, மூலை கிழிந்து, டேப் ஒட்டி. ஒரு முழம் என்ன விலை என்று அட்டையில் கையால் எழுதியிருக்கிறது. மேசைக்கு அடியில் பூ வந்த பெட்டி, அதில் விமானச் சரக்குச் சீட்டு. அந்தப் பூ ராத்திரி எங்கிருந்து கிளம்பி வந்தது என்ற கதை அந்தச் சீட்டில் இருக்கிறது. இது அத்தனையும் ‘தொந்தரவு’. இது அத்தனையையும் வெட்டிவிட்டால்தான் எட்டரை.

டன் டெங் நியா வீடு இன்னோர் உதாரணம். கெர்பாவ் சாலையில் இருக்கிறது. 1900இல் கட்டியது. சுவர், சன்னல், தூண் என்று ஒன்று விடாமல் வண்ணம் அடித்திருப்பார்கள். ‘நிறம்’ என்று எந்த மாதம் தலைப்பு வந்தாலும் இந்த வீடு வந்துவிடும். வண்ணச் சன்னலுக்கு முன்னால் ஒருவர் நடந்து போவார். வேட்டி கட்டியிருந்தால் இன்னும் விசேஷம். இனிப்பு வியாபாரம் செய்த சீனர் ஒருவரின் வீடு அது என்றோ, இந்த வட்டாரத்தில் மிஞ்சியிருக்கும் கடைசிச் சீன வில்லா என்றோ எந்தப் படத்திலும் தெரிந்ததில்லை. லிட்டில் இந்தியாவின் அடையாளமாக உலகம் முழுக்கப் போகும் படம் ஒரு சீனர் வீட்டின் படம் என்பதில் எவ்வளவு சுவாரசியமான சங்கதி இருக்கு! சன்னலை மட்டும் வெட்டி எடுத்தால் அது வண்ணப்பெட்டிதான்.

முகங்கள்

இப்போது கொஞ்சம் கசப்பான பகுதி. மாதச் சவாலின் தலைப்புகளில் நாம், அதாவது தமிழர்கள், அடிக்கடி வருகிறோம். படம் எடுப்பவராக அல்ல.

‘பக்தி’ என்றால் தைப்பூசம். சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயிலில் தொடங்கி டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் வரை, காவடியை விடக் கேமரா அதிகம் என்று தோன்றும் ஆண்டுகள் உண்டு. பத்துமலையிலும் அதே கதைதான். படத்தில் என்ன வரும்? கன்னத்தில் வேல், மேலே செருகிய கண், பின்னால் இருட்டு. காவடி தூக்குபவருக்குப் பக்கத்திலேயே தண்ணீர் பாட்டிலோடு நடந்து வரும் தம்பி, முக்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடி வரும் நண்பன், கால் வலியோடு பின்னால் வரும் அம்மா, இவர்கள் எல்லாம் பின்னணி. ஆனால் தைப்பூசம் என்பது அந்தக் கூட்டம்தான். ஒருவர் தனியாகக் காவடி எடுப்பதில்லை. கூட்டத்தை வெட்டியபிறகு மிஞ்சுவது யாரோ ஒரு விநோத மனிதர் தன்னைத்தானே குத்திக்கொள்வது. தலைப்பு ‘பக்தி’ என்கிறது, படம் ‘வலி’ என்கிறது.

‘உழைப்பு’, ‘தனிமை’ என்றால் ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியா. புல்தரையில் உட்கார்ந்து வீட்டுக்குப் பேசும் ஊழியர்களைத் தூரத்திலிருந்து நீள லென்ஸ் வைத்து எடுப்பது. அவர்களுக்குத் தெரியாமல் எடுத்தால்தான் இயல்பாக வரும் என்பது கழகப் பாடம். எனக்குக் கிடைத்த பாடம் வேறு. தமிழ் தெரிந்தவனாக இருப்பதில் ஒரு வசதி: கேட்கலாம். ‘அண்ணே, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?’ ஒரு முறை அப்படிக் கேட்டதும் அவர் எழுந்து சட்டையை இழுத்துவிட்டு, தலையைக் கோதிக்கொண்டு, ‘இங்க வேணாம் தம்பி, அந்தப் பக்கம் வாங்க, பில்டிங் தெரியணும்’ என்றார். நேராக நின்றார். கை இரண்டும் பக்கத்தில். தலையிலிருந்து கால் வரை வரணும், ஷூ தெரியணும் என்றார். பின்னால் கட்டடம், சாலை, பேருந்து எல்லாம் வந்தது. ‘எனக்கு அனுப்பிருங்க தம்பி, வீட்டுக்கு அனுப்பணும்.’

அந்தப் படத்தை எந்த மாதச் சவாலுக்கு அனுப்பினாலும் அடி வாங்கும். ஆள் நடுவில் நிற்கிறார், விறைப்பாக இருக்கிறார், பின்னணி தொந்தரவாக இருக்கிறது. ஆனால் அவருக்குத் தன் படத்தைப் பற்றி ஒரு தெளிவான அழகியல் இருந்தது. நான் எங்கே நிற்கிறேன் என்று தெரிய வேண்டும், நல்லா இருக்கேன் என்று தெரிய வேண்டும், முழு ஆளாகத் தெரிய வேண்டும். ஸ்டூடியோவில் குடும்பப் படம் எடுத்துக்கொண்ட நம் தாத்தா பாட்டிகளின் அழகியலும் இதுதான். மலாயாவிலிருந்து ஊருக்குப் போன அந்தப் பழைய படங்களில் ஒருவரும் தங்கள் சோகத்தைக் காட்டியதில்லை. புதுச் சட்டையைக் காட்டினார்கள். சுருக்கம் விழுந்த முகத்தை நெருக்கத்தில் எடுத்து ‘வாழ்க்கை’ என்று பெயர் வைப்பவருக்கு ஒன்பது கொடுக்கிறோம். அந்த முகத்துக்குச் சொந்தக்காரர் தன் படம் எப்படி இருக்க வேண்டும் என்று நினைக்கிறாரோ, அதற்கு ஐந்தரை.

பரிசு பெரிதாக ஆக ஆக இது மோசமாகிறது. 2019இல் துபாயின் ஹம்தான் சர்வதேசப் புகைப்படப் பரிசில் 1,20,000 அமெரிக்க டாலர் முதல் பரிசு மலேசியர் ஒருவருக்குக் கிடைத்தது. தலைப்பு ‘நம்பிக்கை’. வியட்நாமில் குழந்தைகளோடு நிற்கும் ஓர் ஏழைத் தாயின் படம். பிறகு, அதே தாயைச் சுற்றிப் பல கேமராக்காரர்கள் நிற்கும் இன்னொரு படம் வெளியே வந்து பெரிய சர்ச்சையானது. காட்சி அமைக்கப்பட்டதா இல்லையா என்று விவாதம் நடந்தது. எனக்கு அந்த விவாதத்தைவிட அந்த இரண்டாவது படம் முக்கியம். புகைப்படப் பயணங்கள் எப்படி நடக்கின்றன என்று அது காட்டியது. மியன்மாரின் இன்லே ஏரியில் கூம்புக் கூடையோடு ஒற்றைக் காலில் நிற்கும் மீனவர்களில் பலர் கேமராவுக்காக நிற்கிறவர்கள். சீனாவின் சியாபுவில் ஆலமரத்துக்கு அடியில் புகை போட்டு, மாட்டைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நடந்து காட்டுவார். காசு வாங்கிக்கொண்டு நடப்பது அவர் தொழில், அதில் தப்பில்லை. அதைக் ‘கிராமத்து விடியல்’ என்று பெயரிட்டு, பார்த்ததும் பிடித்த காட்சி போல அனுப்பும்போதுதான் பொய் தொடங்குகிறது.

இயந்திரமும் தலைப்புக்கு விடை சொல்லும்

2016 ஜனவரியில் நிக்கான் சிங்கப்பூர் ஒரு போட்டிப் படத்தைப் பாராட்டி வெளியிட்டது. சைனாடவுனில் மஞ்சள் ஏணி ஒன்றின் வழியே அண்ணாந்து பார்த்தால், சரியாகச் சட்டத்துக்கு நடுவில் ஒரு விமானம். விமானம் ஒட்டவைத்தது என்று பார்த்தவர்கள் கண்டுபிடித்துக் கிழித்துவிட்டார்கள். நிறுவனம் தவற்றை ஒப்புக்கொண்டது. ஒரு பெட்டிப் பரிசுக்கு இவ்வளவா என்று சிரித்தோம். இப்போது அந்தச் சிரிப்பு வராது. 2023இல் போரிஸ் எல்டாக்சன் என்ற ஜெர்மானியக் கலைஞர் செயற்கை நுண்ணறிவு கொண்டு உருவாக்கிய படம் சோனி உலகப் புகைப்பட விருதில் ஒரு பிரிவில் வென்றது. அவரே பரிசை மறுத்தார். அடுத்த வருஷம் இதற்குத் தலைகீழ்க் கூத்து: மைல்ஸ் ஆஸ்ட்ரே என்பவர் உண்மையான பூநாரைப் படத்தைச் செயற்கை நுண்ணறிவுப் பிரிவுக்கு அனுப்பி வென்று, பிறகு தகுதி நீக்கப்பட்டார்.

இதைக் கேட்டதும் கழகங்கள் விதிகளை இறுக்கின. மூலக் கோப்பைக் காட்டு, இதைத் தொடாதே, அதைத் தொடாதே. தேவைதான். ஆனால் விதி மட்டும் போதாது. படம் என்பது தலைப்புக்கு விடை என்று வைத்துக்கொண்டால், அந்த விடையை இயந்திரம் நம்மைவிட வேகமாகவும் சுத்தமாகவும் சொல்லும். ‘தனிமை’ என்று தட்டினால் காலிப் பெஞ்சும் முதியவரும் அரை நிமிஷத்தில் வந்து நிற்பார்கள், அதுவும் மூன்றில் ஒரு பங்குக் கோட்டில். இத்தனை வருஷம் நாம் அதற்குத்தான் ஒன்பது கொடுத்தோம். கதைப் போட்டிக்கும் இது பொருந்தும். தொடக்க வரியைக் கொடுத்தால் திருந்தும் மகனையும் இறக்கும் பாட்டியையும் அது அழகாக எழுதித் தரும்.

இயந்திரத்தால் செய்ய முடியாதது ஒன்றுதான். அது அந்த மாதம் அந்த இடத்துக்குப் போகவில்லை. கேட்டின் மேல் காய்ந்த மாவிலை, மேசைக்கடியில் சரக்குச் சீட்டு, ஷூ தெரியணும் என்று சொன்னவர், இவை போனால்தான் கிடைக்கும். மாதச் சவாலின் உண்மையான மதிப்பு நம்மை வெளியே அனுப்புவதில் இருக்கிறது. அப்படியென்றால் போனதற்கான தடயத்தைப் படத்திலிருந்து துடைத்து எடுக்கச் சொல்லும் மதிப்பெண் முறை, தன் கிளையைத் தானே வெட்டிக்கொண்டிருக்கிறது.

என்ன செய்யலாம்?

குறை சொல்லிவிட்டுப் போவது எளிது, அதனால் நாலு யோசனை. ஒன்று, வருஷத்தில் பாதி மாதமாவது மதிப்பெண் இல்லாமல் பேச்சு மட்டும் இருக்கட்டும். இரண்டு, ஒரு படத்துக்குப் பதில் மூன்று படம் கேட்கலாம்; ஒன்றோடு ஒன்று எப்படி உட்காருகிறது என்று பார்ப்பதில் நடுவருக்கும் வேலை இருக்கும். மூன்று, மனித முகம் இருந்தால் அவரிடம் பேசினேன் என்பதற்கு இரண்டு வரி எழுதித் தர வேண்டும். அந்த இரண்டு வரியில்தான் இலக்கிய வாசகர்களான நமக்குக் கழகங்களில் வேலை இருக்கிறது. நன்றாகப் படம் எடுக்கும் எத்தனையோ பேருக்கு எழுத வராது, நமக்கு வரும். நாலு, தலைப்பையே மாற்றுவது. ‘பக்தி’, ‘தனிமை’, ‘வாழ்க்கை’ மாதிரிப் பெரிய சொற்களுக்கு எல்லோரிடமும் தயார் விடை இருக்கிறது. ‘கதவு’, ‘செருப்பு’, ‘விலைச்சீட்டு’ மாதிரிச் சின்னச் சொற்களுக்கு இல்லை. கதைக்களத்துக்கும் கவிமாலைக்கும் தலைப்பு யோசிப்பவர்கள் இந்த நாலாவதைக் கொஞ்சம் கவனித்தால் நல்லது.

என்னிடம் ஒரு தலைப்பு கேட்டால் இதைக் கொடுப்பேன்: ‘உங்கள் புளோக்கில் அடுத்த வருஷம் இருக்காத ஒன்று.’ மளிகைக் கடையாக இருக்கலாம், ஒரு மரமாக இருக்கலாம், எதிர்வீட்டு ஆண்டியாகக்கூட இருக்கலாம். எது என்று யாருக்கும் தெரியாது. அதனால் சட்டத்தைக் கொஞ்சம் அகலமாக வைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.